பிள்ளை பார்ப்பதும் ஒரு தொழிலே
கிராமத்தில் பகல் பராமரிப்பு நிலையம் ஒன்றைத் தொடங்குவோருக்கு

“பிள்ளையைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கோ அக்கா, மத்தியானத்துக்கிடையில வந்திடுவன்.” இந்த வார்த்தை கேளாத வளவு நமது கிராமங்களில் இல்லை. முன்னொரு காலத்தில் இதைக் கேட்பதற்கே தேவை இருக்கவில்லை. தாய் வயலுக்குப் போனால் அம்மம்மா இருந்தா. அம்மம்மாவுக்கு இயலாவிட்டால் பெரியம்மா இருந்தா. அவவும் இல்லையென்றால் வேலிக்கு அப்பால் மாமி இருந்தா. பிள்ளை பார்ப்பது ஒரு வேலை என்று எவரும் எண்ணவில்லை. அதற்குக் கூலி என்ற பேச்சும் எழவில்லை.

1990இலும், 1995இலும், 2008 – 2009 காலத்திலும் ஊரைவிட்டுப் புறப்பட்ட குடும்பங்கள் பல துண்டுகளாகச் சிதறின. சிலர் நலன்புரி நிலையங்களில் வாழ்ந்தனர். சிலர் உறவினர் வளவுகளில் ஒதுங்கினர். சிலர் கடல் கடந்து சென்றனர். மீளக் குடியேறியவர்கள் காணிக்குத் திரும்பினார்களேயன்றி, அந்தக் காணியைச் சுற்றியிருந்த உறவுகள் எல்லாம் திரும்பவில்லை. இன்னும் சிலர் பிறருடைய காணியிலேயே காலம் கழிக்கின்றனர். பக்கத்து வளவில் இருப்பவர் யாரென்று அறியாத நிலையில், ஒரு பிள்ளையை எவரிடம் ஒப்படைப்பது? அதேவேளை, கணவனை இழந்தும் பிரிந்தும் வாழும் பெண்கள் தாமே உழைத்தாக வேண்டியிருக்கிறது. வேலை கூடியது, பிள்ளை பார்க்க ஆள் குறைந்தது. இதுவே இன்றைய நிலை.

இந்த இடைவெளியை இப்போது யார் நிரப்புகிறார்கள் என்று பார்த்தால் மனம் வருந்தும். களை பிடுங்கும் காலத்திலும் கடலை பிடுங்கும் காலத்திலும் பாடசாலை வரவு இடாப்பைப் பாருங்கள். நான்காம், ஐந்தாம் வகுப்புப் பெண்பிள்ளைகளின் பெயர்களுக்கு நேரே இருக்கும் வெற்றிடங்கள் பல உண்மைகளைச் சொல்லும். தம்பியைப் பார்க்க வீட்டில் நின்ற அக்கா அவள். இலங்கையில் 5 வயது முதல் 16 வயது வரை பிள்ளைகள் பாடசாலைக்குச் செல்ல வேண்டுமென்பது சட்டம். அந்த மேல் எல்லை 2016இல் 14இலிருந்து 16ஆக உயர்த்தப்பட்டது. ஆனால் தாய்க்கு வேறு வழியில்லாதபோது சட்டம் எட்டத்தில் நிற்கிறது. பத்து வயதுப் பிள்ளையால் இரண்டு வயதுப் பிள்ளையை முழுநேரமும் கவனிக்க முடியாது என்பதும் நாம் அறிந்ததே. கட்டில்லாத கிணறு, குளத்து வாய்க்கால், சோடாப் போத்தலில் ஊற்றி வைத்த மண்ணெண்ணெய், இறப்பில் செருகிய கிருமிநாசினி ஆகிய எதற்கும் ஒரு நிமிடம் போதும்.

ஆகவே இக்கட்டுரை சொல்ல விரும்புவது ஒன்றே. பிள்ளை பார்ப்பது ஓர் உதவி மட்டுமன்று, அது உழைப்பு. அதற்குரிய கூலியைக் கணக்கிட்டுக் கொடுத்து, ஒழுங்காக நடத்தினால் நான்கு பயன்கள் உண்டு: சிறு பிள்ளைக்குப் பாதுகாப்பு, மூத்த பிள்ளைக்குப் பாடசாலை, தாய்க்கு முழுநாள் வேலை, பார்ப்பவருக்கு வருமானம்.

முன்பள்ளி இருக்கிறதே?

பெரும்பாலான கிராமங்களில் முன்பள்ளி உண்டு. அது நல்லதே. ஆனால் முன்பள்ளி மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு உரியது; காலையில் சில மணி நேரமே நடைபெறும். தாய் தோட்டத்திலிருந்தோ ஆடைத் தொழிற்சாலையிலிருந்தோ திரும்பும் நேரம் மாலை. மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு முழுநாளும், முன்பள்ளிப் பிள்ளைக்கு நண்பகலின் பின்னும் ஆளில்லை. இந்த நேரமே பகல் பராமரிப்பு நிலையத்தின் நேரம். முன்பள்ளியோடு போட்டியிட வேண்டியதில்லை. அது விட்ட இடத்தில் தொடங்கினாற் போதும். நிலையம் முன்பள்ளிக்கு நடைதூரத்தில் இருந்தால், பிள்ளைகளை அங்கிருந்து ஒன்றாக அழைத்து வருவதும் எளிது.

இது நமக்குப் புதியதுமன்று. மலையகத் தோட்டங்களில் ‘பிள்ளைக்காம்பரா’ என்பது தலைமுறை தலைமுறையாக அறியப்பட்ட ஒன்று. கொழுந்து பறிக்கச் செல்லும் தாய் விடியற்காலையில் பிள்ளையை அங்கு ஆயாவிடம் ஒப்படைத்துச் செல்வாள். அந்தக் காம்பராக்களில் குறைகள் நிறைய இருந்தன. ஒடுங்கிய அறையில் வரிசையாகத் தொங்கும் ஏணைகளில் பிள்ளைகள் கிடந்த காலமும் உண்டு. பின்னர் பல தோட்டங்களில் அவை சிறுவர் அபிவிருத்தி நிலையங்களாகத் திருத்தியமைக்கப்பட்டன. 1977, 1983 வன்செயல்களின் பின் மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து குடியேறிய குடும்பங்களில் மூத்தோரிடம் கேட்டுப் பாருங்கள். அதன் நன்மை தீமை இரண்டையும் சொல்வார்கள். இந்தியாவிலும், குஜராத்தில் 1972இல் தொடங்கப்பட்ட ‘சேவா’ என்னும் உழைக்கும் பெண்கள் அமைப்பின் வழியாக, பிள்ளை பராமரிக்கும் பெண்கள் தமக்கெனக் கூட்டுறவுச் சங்கம் அமைத்து இத்தொழிலை நடத்தி வருகின்றனர். தர்மமாக அல்ல, தொழிலாக நடத்துகின்றனர் என்பதைக் கவனிக்கவும்.

முதலில் எண்ணுங்கள்

கட்டடம் தேடுவதற்கு முன் பிள்ளைகளை எண்ணுங்கள். ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டிலிருந்து நடந்து பத்து நிமிடத்தில் எட்டக்கூடிய வீடுகளுக்குச் சென்று நான்கு கேள்விகளைக் கேளுங்கள். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் எத்தனை? தாய் எந்த மாதங்களில், எத்தனை மணிக்கு வேலைக்குப் போகிறா? இப்போது பிள்ளையை யார் பார்க்கிறார்? ஒழுங்காகப் பார்க்க ஓர் இடம் இருந்தால் நாளொன்றுக்கு எவ்வளவு கொடுக்க இயலும்?

வேலை மாதங்களை நன்றாகக் குறித்துக்கொள்ளுங்கள். நெல்லறுவடைக்கு இயந்திரம் வந்தபின் பெண்களின் அரிவு வெட்டு வேலை பெரிதும் குறைந்துவிட்டது. களை பிடுங்கல், வெங்காய நடுகை, மிளகாய் ஆய்தல், கடலை பிடுங்கல் ஆகிய வேலைகளே பெண்களை நம்பியிருக்கின்றன. உங்கள் ஊரில் எந்த மாதத்தில் எது நடக்கிறதோ அதற்கேற்பவே பிள்ளைகளும் வருவர். வேலை மிகுந்த மாதங்களில் எட்டுப் பிள்ளைகளை விட விரும்பும் தாய்மார் இருப்பர். வேலையற்ற மாதத்தில் மூன்று பிள்ளைகள்கூட வராமற் போகலாம். இதை அறியாமல் தொடங்குவோர் நான்காம் மாதத்தில் நிறுத்திவிடுகின்றனர்.

எத்தனை பிள்ளைகள்?

ஒரு பெண் தொடங்குவதாயின் ஆறு பிள்ளைகள் போதும். அவர்களில் இரண்டு வயதுக்கு உட்பட்டோர் இருவருக்கு மேல் வேண்டாம். தவழும் பிள்ளையும் ஓடும் பிள்ளையும் எதிரெதிர்த் திசையில் செல்வர். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பாலே முழு உணவு. தாய் வந்து பால் கொடுக்கக்கூடிய தூரத்தில் வேலை செய்தாலன்றி அந்த வயதுக் குழந்தையை ஏற்காதிருப்பது நல்லது.

இன்னொரு நிபந்தனை கட்டாயமானது. அழைத்த குரலுக்கு வரக்கூடிய வேறொரு பெரியவர் அதே வளவிலோ அடுத்த வளவிலோ இருக்க வேண்டும். ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட நேர்ந்தால் மற்ற ஐவரையும் யார் பார்ப்பது? இரு பெண்கள் கூட்டாக நடத்தினால் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் வரை ஏற்கலாம். ஒருவர் சமைக்க, மற்றவர் பிள்ளைகளோடு இருக்கலாம். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலும் நிலையம் பூட்டப்படமாட்டாது.

இடமும் பாதுகாப்பும்

நிழலுள்ள வளவு, காற்றோட்டமான ஓர் அறை அல்லது அரைச்சுவர் வைத்த கொட்டில், கழுவக்கூடிய நிலம், மலசலகூடம், நல்ல தண்ணீர் ஆகியன போதும். புதிய கட்டடம் தேவையில்லை. தறப்பாள் மட்டும் போட்ட கொட்டில் பகலில் கொதிக்கும். மேலே கிடுகு அல்லது பனையோலை வேய்ந்துகொள்ளுங்கள். பிறருடைய காணியில் இருப்போர் நிரந்தரமாக எதையும் கட்ட வேண்டாம். காணிக்காரரிடம் எழுத்தில் சம்மதம் பெற்று, கழற்றி எடுத்துச் செல்லக்கூடிய பொருட்களையே வாங்குங்கள். நாளை சொந்தக் காணி கிடைத்தால் தொழிலும் உங்களோடு வரும்.

பிள்ளைகளை ஏற்கும் முன் பின்வருவனவற்றைச் செய்து முடிக்க வேண்டும்:

1. கிணற்றுக்குக் கட்டும் மூடியும். கட்ட வசதியில்லையாயின் கிணற்றைச் சுற்றி இறுக்கமான வேலியும் படலையும். நீர் நிரம்பிய வாளியும் சிறு பிள்ளைக்கு ஆபத்தே. பாவித்தபின் கவிழ்த்து வையுங்கள்.
2. வளவைச் சுற்றி அடைத்த வேலி. பிள்ளையால் திறக்க முடியாத கொழுக்கியுடன் படலை.
3. அடுப்பு வேறாக, பிள்ளைகள் நெருங்காத இடத்தில்.
4. மண்ணெண்ணெய், கிருமிநாசினி, மருந்து, கத்தி, நெருப்புப்பெட்டி யாவும் பூட்டிய பெட்டியில். கிருமிநாசினியை வளவுக்குள் வைக்காதிருப்பதே சிறந்தது.
5. சிரட்டை, பழைய ரயர், பேணி போன்ற நீர் தேங்கும் பொருட்களை அகற்றுதல். டெங்கு நுளம்பு பகலிலேயே கடிக்கும்.
6. கண்ணிவெடி அகற்றப்பட்டதென உறுதிசெய்யப்படாத காணிக்கு அருகில் நிலையம் அமைக்காதிருத்தல்.

உணவு

பிள்ளைகளுக்கு ஊரில் விளைவதே போதும். காலையில் குரக்கன் கஞ்சி அல்லது இலைக்கஞ்சி. மத்தியானம் சோறு, பருப்பு, முருங்கையிலை அல்லது வேறு கீரை. கிழமையில் சில நாள் முட்டை அல்லது முள் நீக்கிய மீன். பின்னேரம் அவித்த பயறு, பப்பாசி அல்லது வாழைப்பழம். கடைப் பிஸ்கற்றும் நிறம் போட்ட இனிப்பும் பணத்தையும் பசியையும் சேர்த்தே கெடுக்கும். முழுக் கடலை, கச்சான், கடினமான இனிப்பு என்பன தொண்டையில் அடைக்கக்கூடியவை. சிறு பிள்ளைகளுக்குக் கொடுக்கலாகாது.

நிறை குறைந்த பிள்ளைக்குக் குடும்பநல உத்தியோகத்தர் திரிபோஷா வழங்கியிருந்தால், அதைத் தாய் கொண்டுவந்து தர, அந்தப் பிள்ளைக்கே கொடுங்கள். எல்லோருக்கும் பகிர்ந்தால் எவருக்கும் பயன் கிட்டாது. வயிற்றோட்டம் உள்ள பிள்ளைக்கு ஜீவனிக் கரைசலைப் பைக்கற்றில் எழுதியுள்ள அளவுப்படி கொதித்தாறிய நீரில் கரைத்துக் கொடுத்து, தாய்க்கு உடனே அறிவியுங்கள். சமைக்கும் முன்னும், பிள்ளையைக் கழுவிய பின்னும் சவர்க்காரமிட்டுக் கை கழுவுதல் பத்து மருந்துக்குச் சமம்.

கட்டணக் கணக்கு

இங்கேதான் பலர் தடுமாறுகின்றனர். “சும்மா வீட்டில தானே இருக்கிறாய், ஒரு பிள்ளையைப் பார்த்தால் என்ன?” என்று கேட்பவர்கள் உண்டு. ஆறு பிள்ளைகளை எட்டு மணி நேரம் பார்ப்பவர் சும்மா இருப்பவரல்லர். இரக்கத்தாற் கட்டணத்தைக் குறைத்தால் சில மாதங்களில் அவர் களைத்து நிறுத்திவிடுவார். அப்போது இழப்பு அந்த ஏழைத் தாய்க்கே. திட்டப் பணம் நின்றதும் பூட்டப்பட்ட நிலையங்களை நாம் கண்டிருக்கிறோம். வெளிப்பணத்தில் மட்டும் நிற்பது வெளிப்பணத்தோடு போகும்.

கணக்கு விளங்குவதற்காக ஒரு கிராமத்தை எடுத்துக்கொள்வோம். தொகைகளை உங்கள் ஊர் விலைக்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். பெண்ணின் நாட்கூலி 1,500 ரூபா. பிள்ளைகள் 6. வேலை நாட்கள் மாதம் 22.

முதல் வழி: கட்டணம் நாளொன்றுக்கு 300 ரூபா, உணவு நிலையத்தில். வரவு 39,600 ரூபா. செலவு: உணவு பிள்ளைக்கு 100 ரூபா வீதம் 13,200, சவர்க்காரம், விறகு முதலியன 3,000, திருத்த வேலைக்கும் வேலையற்ற மாதத்துக்குமான சேமிப்பு 2,400, மொத்தம் 18,600 ரூபா. மிகுதி 21,000. பார்ப்பவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 955 ரூபா. அவர் களை பிடுங்கப் போனால் இதைவிடக் கூடுதலாக உழைப்பார். ஆகவே இது நிலைக்காது.

இரண்டாம் வழி: கட்டணம் 400 ரூபா. வரவு 52,800, செலவு போக மிகுதி 34,200, நாளொன்றுக்குச் சுமார் 1,555 ரூபா. பார்ப்பவருக்கு நல்லது. ஆனால் இரண்டு பிள்ளைகள் உள்ள தாய் 1,500 ரூபாவில் 800ஐக் கொடுத்துவிட்டு எதை வீட்டுக்குக் கொண்டு போவா?

மூன்றாம் வழி: மத்தியான உணவைத் தாய் கட்டிக்கொடுக்க, நிலையத்தில் கஞ்சியும் பின்னேரச் சிற்றுணவும் மட்டும். உணவுச் செலவு பிள்ளைக்கு 30 ரூபா வீதம் 3,960 ஆகக் குறையும். மொத்தச் செலவு 9,360. கட்டணம் 300 ஆயின் மிகுதி 30,240. நாளொன்றுக்குச் சுமார் 1,375 ரூபா. வெயிலில் நிற்காமல், வீட்டிலிருந்தே பெறும் இவ்வருமானம் பலருக்கு ஏற்றது.

ஒரே வீட்டு இரண்டாம் பிள்ளைக்குப் பாதிக் கட்டணம் என்று வைத்தால் அந்தத் தாய்க்குச் செலவு 450 ரூபா. நிலையத்துக்கு மாதம் 3,300 ரூபா குறையும். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமோ பங்கு மக்களோ உதவ விரும்பினால் இந்தக் குறையை ஈடுசெய்யட்டும். உதவி எங்கே, எவ்வளவு, யாருக்காக என்பது இவ்வாறு தெளிவாகத் தெரிய வேண்டும்.

காசு இல்லாத மாதத்தில் நெல், விறகு, முட்டை, வேலி அடைக்கும் உழைப்பு என்பவற்றையும் ஏற்கலாம். அன்றைய சந்தை விலைக்குக் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். அறிவிக்காமல் வராத நாளுக்குப் பாதிக் கட்டணம் கேட்பது நியாயம். ஆனால் நோயால் வராத நாளுக்குக் கட்டணம் கேட்க வேண்டாம். கேட்டால் காய்ச்சலோடு பிள்ளையைக் கொண்டுவந்து விடுவார்கள். மற்ற ஐவருக்கும் தொற்றும்.

தொடங்குவதற்குக் கிழமைக் கடன் எடுக்காதீர்கள். நுண்கடன் நம் பெண்களுக்குச் செய்ததை நாடே அறியும். 2018இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபா வரையான கடன்களை அரசு தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது. பாய், ஏணைக்குச் சேலை, மூடியுள்ள தண்ணீர்ப் பானை, தட்டுகள், கோப்பைகள், மரத்துண்டில் செய்த விளையாட்டுப் பொருட்கள் என்பனவே முதற் தேவை. பெரும்பகுதியை வீடுகளிலிருந்தே சேர்க்கலாம்.

நம்பிக்கையே மூலதனம்

தாய் ஒப்படைப்பது தன் பிள்ளையை. ஆகவே வாய்வார்த்தை போதாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, பெயர், பிறந்த திகதி, தாய் வேலை செய்யும் இடம், தொலைபேசி இலக்கம், ஒவ்வாத உணவு, ஏற்றிய தடுப்பூசிகள் என்பவற்றை எழுதுங்கள். பிள்ளையை அழைத்துச் செல்ல யாருக்கு உரிமையுண்டு என்பதைத் தாயின் கையெழுத்தோடு எழுதுங்கள். பட்டியலில் இல்லாத எவரிடமும், சித்தப்பா என்று சொல்லி வந்தாலும், பிள்ளையைக் கொடுக்க வேண்டாம். வரும்போதும் போகும்போதும் நேரத்தைக் குறித்துக் கொள்ளுங்கள். பிள்ளையின் உடலில் காயம் இருந்தால் காலையிலேயே தாய்க்குக் காட்டிக் குறித்துக்கொள்ளுங்கள்.

பிள்ளையை அடிக்கக் கூடாது. பயமுறுத்தித் தூங்க வைக்கவும் கூடாது. குடிவெறியில் உள்ளவருக்கு வளவுக்குள் இடமில்லை. எந்த ஆணையும், உங்கள் வீட்டாராயினும், பிள்ளைகளோடு தனித்து விடாதீர்கள். இது எவரையும் சந்தேகிப்பதன்று. எல்லோருக்கும் பொதுவான ஒழுங்கு. தாய் எந்த நேரமும் முன்னறிவித்தலின்றி வந்து பார்க்கலாம் என்று முதல் நாளே சொல்லுங்கள். பிள்ளைக்குத் துன்பம் நேர்ந்ததெனச் சந்தேகம் எழுந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்னும் இலக்கத்துக்கு அறிவிக்கலாம். அவசர நோயாளர் வண்டிக்கு இலக்கம் 1990. இரண்டையும் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள்.

அலுவலகங்கள்

தொடங்கும் முன் பிரதேச செயலகத்தில் முன்பிள்ளைப் பருவ அபிவிருத்தி உத்தியோகத்தரைச் சந்தித்து, பகல் பராமரிப்பு நிலையத்துக்குரிய பதிவும் நிபந்தனைகளும் எவையெனக் கேளுங்கள். வியாபாரப் பெயர்ப் பதிவையும் பிரதேச செயலகத்திலேயே விசாரிக்கலாம். கிராம அலுவலருக்கும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தருக்கும் அறிவியுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அழைத்துக் கிணற்றையும் மலசலகூடத்தையும் காட்டுங்கள். குடும்பநல உத்தியோகத்தர் மாதம் ஒருமுறை வந்து பிள்ளைகளின் நிறையைப் பார்க்க இணங்கினால் தாய்மாரின் நம்பிக்கை இரட்டிக்கும். அலுவலர் குறை கண்டால் கோபிக்க வேண்டாம். அவர் கண்ட குறை ஒரு பிள்ளையின் உயிரைக் காக்கக்கூடும்.

முதல் மாதம் மூன்று பிள்ளைகளோடு நடத்திப் பாருங்கள். மாத முடிவில் தாய்மாரைக் கூட்டி, வரவு செலவுக் கொப்பியை விரித்து வைத்துப் பேசுங்கள். அதன்பின் ஆறாகக் கூட்டுங்கள். பெயர்ப்பலகை பின்னர் வரலாம். தம்பியைத் தூக்கிக்கொண்டு படலையில் நின்ற அக்கா வெள்ளைச் சட்டையோடு பாடசாலைக்குப் போகும் நாளில், நிலையம் தொடங்கிவிட்டதென ஊரே அறியும்.

சங்கக் கூட்டத்தில் கலந்துரையாட:

1. நமது கிராமத்தில் தம்பி தங்கையைப் பார்ப்பதற்காகப் பாடசாலைக்குப் போகாத பிள்ளைகள் எத்தனை பேர்? எந்த மாதங்களில்?
2. கட்டில்லாத கிணறுகள் எத்தனை? எந்தக் கிணற்றிலிருந்து வேலையைத் தொடங்கலாம்?
3. பிள்ளை பராமரிப்பை ஏற்று நடத்தக்கூடிய, பொறுமையும் நம்பிக்கையும் உள்ள பெண்கள் யார்? அவர்களுக்கு நாம் கொடுக்கக்கூடிய நியாயமான கூலி எவ்வளவு?
4. கட்டணம் செலுத்த இயலாத தாயின் பங்கைச் சங்கம் எவ்வாறு ஏற்கலாம்?